விதைமீது பழி போடும் ஆராய்ச்சி

நான் இங்கிலீஷ் வாத்தியார். சேரிக்காரன். இது ரெண்டும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்று நம்பாதவர்கள் இன்றைக்கும் திண்டிவனம் பக்கத்தில் இருக்கிறார்கள். 'எந்த ஊரு சார்?' என்று கேட்பார்கள். சொன்னால், 'ஊர்ல எங்க?' என்று அடுத்த கேள்வி வரும். 'காலனி' என்றதும் 'அப்படிங்களா... இங்கிலீஷா எடுக்குறீங்க?' என்பார்கள். அந்த 'இங்கிலீஷா'வில் ஓர் இழுப்பு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டீக்கடையில் வெளிப்படையாக இழுக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் அதையே ஆராய்ச்சி என்று பைண்டிங் போட்டு வைத்திருக்கிறார்கள்.

வெளியே நின்று கல்லெறிவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த பைண்டிங்கில் ஒன்று என்னுடையது. 1997இல் எம்.ஃபில். பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதினேன். (அந்தப் பட்டத்தையே 2022இல் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. ஆய்வேடுகள் மட்டும் நூலக அலமாரிகளில் தூசி தின்றுகொண்டிருக்கின்றன.) திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷ் எழுதும்போது செய்கிற பிழைகள்தான் தலைப்பு. நாற்பது பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்தேன். வீட்டில் ஆங்கிலச் செய்தித்தாள் வாங்குகிறீர்களா? படிக்கத் தனி அறை உண்டா? பெற்றோர் உங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார்களா? இவை நான் யோசித்த கேள்விகள் அல்ல. முந்தைய ஆய்வேடுகளில் இருந்தவை. அவை அதற்கும் முந்தையதிலிருந்து வந்தவை. ஒரு பெண் பிள்ளை எழுந்து கேட்டாள்: 'சார், எல்லாத்துக்கும் இல்லன்னே போடலாமா? இல்ல, ஒண்ணு ரெண்டுக்காவது இருக்குதுன்னு போடணுமா?'

என் ஆராய்ச்சி முழுவதையும் அந்தப் பிள்ளை ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு விளங்கவில்லை.

கேள்வித்தாளின் முதல் வரைவில் சாதி என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். நெறியாளர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். 'இதெல்லாம் சோஷியாலஜிக்காரன் வேலைப்பா. நமக்கு லாங்குவேஜ் போதும்.' நானும் சரிங்க சார் என்று எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? 'கிராமப்புறப் பின்னணி', 'முதல் தலைமுறைக் கற்போர்', 'ஊக்கமின்மை', 'ஆதரவற்ற வீட்டுச்சூழல்'. சாதி என்று ஒரு சொல்லில் சொல்ல வேண்டியதை நான்கு சொல்லில் மறைத்தேன். என் ஜனங்களைப் பற்றி, என் கையாலேயே.

பைண்டிங் செய்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கழனியிலிருந்து வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். அட்டையில் இருந்த தங்க எழுத்தைத் தடவினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். 'நம்ம புள்ளைங்களப் பத்தின்னு சொன்னியே, இன்னாடா எழுதியிருக்க?' என்று கேட்டாள். நான் பக்கத்தைப் புரட்டினேன். 'ஆதரவற்ற வீட்டுச்சூழல்' என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? 'உன்னாலதான் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வரலன்னு எழுதியிருக்கன்மா' என்றா? 'அதுல்லாம் இங்கிலீஷ்ல இருக்குதும்மா, சொன்னா புரியாது' என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது. அவளுக்குப் புரிந்துவிடும் என்பதுதான் என் பயம்.

இனி என் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

எங்கள் காலத்து இங்கிலீஷ் பாடம் 'ஸ்ட்ரக்சுரல்' முறை. ஒரு வாக்கிய அச்சைக் கொடுப்பார்கள். அதில் சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். 'மை ஃபாதர் இஸ் எ...', அதற்குப் பின்னால் கோடு. வகுப்பு வரிசையாக எழுந்து சொல்லும். ஃபார்மர், டீச்சர், கண்டக்டர், ஷாப்கீப்பர். என் முறை வந்தது. என் அப்பா ஊர்க்காரர் கழனியில் படியாள். ஊரில் சாவு விழுந்தால் பறை அடிப்பார். நான் நின்றேன். 'இன்னாடா, அப்பன் இன்னா பண்றான்?' என்றார் வாத்தியார். பின்னாலிருந்து ஒருத்தன், 'மோளம் அடிப்பாரு சார்' என்றான். 'அப்ப டிரம்மர்னு சொல்லுடா' என்றார். வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அந்த வருஷம் முழுக்க இங்கிலீஷ் வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுத நேர்ந்தால் கை ஒரு நொடி நிற்கும்.

பிற்பாடு எம்.ஏ. படிக்கும்போது ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் 'அஃபெக்டிவ் ஃபில்டர்' பற்றிப் படித்தேன். 1980களில் பெரிதாகப் பேசப்பட்டது. பயமும் பதற்றமும் கற்பவரின் மனதில் தடுப்பாக நின்றுகொள்ளும், மொழி உள்ளே இறங்காது என்கிறது அது. படித்ததும் என் கதையை யாரோ எழுதிவிட்டார்கள் என்று தோன்றியது. தொடர்ந்து படித்தால் பயம் கற்பவனுக்குள் இருக்கிறது, தடுப்பும் கற்பவனுக்குள் இருக்கிறது. சிரித்த வகுப்பு எங்கே? சிரித்த வாத்தியார் எங்கே? என் பயத்துக்கு விலாசம் உண்டு. ஆராய்ச்சி அந்த விலாசத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

அடுத்து, 'தாய்மொழிக் குறுக்கீடு'. கற்பவரின் தாய்மொழி குறுக்கே வந்து இங்கிலீஷைக் கெடுக்கிறதாம். எந்தத் தாய்? எந்த மொழி? எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். சித்திரையில் மல்லாட்டை பிடுங்கி, ஆய்ந்து, கூலிக்குப் படி அளந்து வாங்கிய பிள்ளைகள் நாங்கள். மூன்றாம் வகுப்பில் படத்தைக் காட்டி 'இது என்ன?' என்றார்கள். 'மல்லாட்டை' என்றோம். 'அப்படிச் சொல்லக் கூடாது, நிலக்கடலை' என்றார்கள். அதற்குப் பின்தான் 'கிரவுண்ட்நட்'. ஆக, எங்களுக்கு 'கிரவுண்ட்நட்' முதல் அந்நிய மொழி அல்ல; 'நிலக்கடலை'தான் முதல் அந்நிய மொழி. எங்கள் தாய் பேசியதைத் தமிழே இல்லை என்று முதல் மணியில் அடித்துத் துரத்திவிட்டு, இரண்டாம் மணியில் அதே தாயின் மொழி குறுக்கே வருகிறது என்றால் என்ன நியாயம்?

இந்தத் துறைக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. இங்கிலீஷ் நமக்கு 'செகண்ட் லாங்குவேஜா', 'ஃபாரின் லாங்குவேஜா' என்பது அது. வகுப்புக்கு வெளியே சமூகத்தில் புழங்கினால் இரண்டாம் மொழி. வகுப்பில் மட்டும் இருந்தால் அந்நிய மொழி. இந்தியாவை இரண்டாம் மொழிப் பட்டியலில் வைக்கிறார்கள். சேரிக்கு அது எது? கோர்ட்டுத் தீர்ப்பிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் பாங்கி பாரத்திலும் இங்கிலீஷ் எங்களைச் சுற்றி நிற்கிறது. எங்களைப் பற்றிப் பேசுகிறது, எங்கள் மேல் தீர்ப்பு எழுதுகிறது, எங்களோடு மட்டும் பேசுவதில்லை. தெருவுக்கு வெளியே நின்று அதிகாரம் பண்ணுகிற மொழி இது. இந்த அனுபவத்துக்கு இரண்டு பட்டியலிலும் இடம் இல்லை.

ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நம் மண்ணில்தான் நடந்தது. 1959இல் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பெரும் பயிற்சி இயக்கம் தொடங்கியது. நிபுணர்கள் சிலருக்குக் கற்பிப்பார்கள். அவர்கள் இன்னும் பலருக்கு. அவர்கள் மாவட்டந்தோறும் போய் ஆசிரியர்களுக்கு. இப்படி 27,000 தொடக்கநிலை ஆசிரியர்களை எட்டுவது திட்டம். உலகத்து ஆங்கிலக் கல்வி ஏடுகளில் அதன் பெயர் 'மெட்ராஸ் பனி உருண்டை'. உருள உருளப் பெருக்கும் என்று வைத்த பெயர். பனி பெய்கிற ஊரில் இருப்பவன் வைத்த பெயர். எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தது 'மை ஃபாதர் இஸ் எ...' என்ற கோடும், அதை நிரப்பாதவனுக்குப் பிரம்பும்தான்.

அடுத்தது 1979இல். என். எஸ். பிரபு, அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். அந்த ஸ்ட்ரக்சுரல் முறையின்மீது அதிருப்தி கொண்டு பெங்களூரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். 1984 வரை நடந்தது. இலக்கணத்தை நேராகச் சொல்லித்தருவது இல்லை. வரைபடம், கால அட்டவணை, கணக்குப் புதிர் என்று ஏதாவது ஒரு வேலையைக் கொடுப்பது. பிள்ளை அதைத் தீர்க்க மூளையைக் கசக்கும்போது மொழி தானே ஒட்டிக்கொள்ளும். இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிற 'டாஸ்க்' வழிக் கற்பித்தலுக்கு முன்னோடிகளில் ஒன்று அது. 1985இல் வெளியாட்கள் வந்து மதிப்பிட்டு எழுதினார்கள். 1987இல் பிரபுவின் புத்தகம் வந்தது. அந்தச் சோதனை வகுப்புகள் பெங்களூரிலும் சென்னையிலும் மட்டும் நடக்கவில்லை, கடலூரிலும் நடந்தன. கடலூர் அப்போது எங்கள் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான்.

இந்த இடத்தில் தோழர்கள் இன்னோர் ஆண்டை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். 1978 ஜூலை. விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். சோதனை தொடங்கியதற்கு முந்தைய வருஷம், பின்னால் சோதனை வந்து சேர்ந்த அதே மாவட்டத்தில். அந்த வருஷங்களில் தென்னார்க்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு சேரிப் பிள்ளையும் ஓர் ஊர்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தால், அவர்கள் நடுவில் என்ன இருந்திருக்கும்? இங்கிலீஷ் வாய்க்குள் போவதற்கு முன்னால் அந்த வாய் திறப்பதற்கு என்ன தைரியம் வேண்டியிருந்திருக்கும்? பிரபுவை நான் குற்றம் சொல்லவில்லை. பிள்ளைக்கு மூளை இருக்கிறது என்று நம்பிய ஆள் அவர், அதற்காகவே மதிக்கிறேன். ஒரே சிறந்த கற்பித்தல் முறை என்று எதுவும் கிடையாது என்றும் 1990இல் எழுதினார். எல்லாம் சூழலைப் பொறுத்தது என்று இந்தத் துறையும் தலையாட்டும். சூழல் என்ற சொல்லுக்குள் வகுப்பின் அளவு வரும், கரும்பலகை வரும், ஆசிரியர் பயிற்சி வரும், மின்விசிறிகூட வரும். சாதி வராது. நான் படித்த ஆய்வுகளில் அதை வெளியே செருப்போடு நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

திண்டிவனத்தில் இன்னோர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். விவசாயிகள் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று மல்லாட்டை ரகங்களைச் சொல்வார்களே, அந்த டி.எம்.வி. எங்கள் திண்டிவனம்தான். அங்கே விதை முளைக்கவில்லை என்றால் என்ன செய்வார்கள்? மண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். தண்ணீரைப் பார்ப்பார்கள். பூச்சி அரித்ததா, பட்டம் தப்பியதா என்று பார்ப்பார்கள். விதையையும் பார்ப்பார்கள்தான், ஆனால் 'விதைக்கு ஊக்கமில்லை' என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார்கள். மல்லாட்டைக்குக் கிடைத்த அந்த மரியாதை எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் பெயர் 'மெல்லக் கற்போர்'. யாருடைய வேகத்தை வைத்து மெல்ல? காலையில் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு, மூன்று மைல் நடந்து வந்து, பசியோடு உட்கார்ந்து, தன் தாயின் மொழியை மறந்து நிலக்கடலையைக் கற்று, அதற்கும் மேல் கிரவுண்ட்நட் கற்கிற பிள்ளை மெல்லக் கற்கிறதா?

இந்தத் துறையில் நல்ல அறிவு இல்லாமல் இல்லை. பிழை என்பது சோம்பேறித்தனத்தின் அடையாளம் அல்ல, கற்பவர் தனக்குள் ஒரு விதியை உருவாக்கிக்கொண்டிருக்கிறார் என்பதற்கான சான்று என்று பிட் கார்டர் 1967லேயே எழுதிவிட்டார். அந்த வருஷம் எழுதியது இத்தனை காலம் கழித்தும் எங்கள் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கூடத்து நோட்டுகளுக்கு வந்து சேரவில்லை. அங்கே இன்றைக்கும் சிவப்பு மைதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய சுரேஷ் கனகராஜா 1999இல் ஒரு புத்தகம் எழுதினார். மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கிவைத்த படங்களையும் குறிப்புகளையும் உட்கார்ந்து படித்து, அந்தக் கிறுக்கல்களில் எதிர்ப்பு இருக்கிறது என்று காட்டினார். பாடநூலின் ஓரத்தைப் பார்க்கத் தெரிந்த கண் அது. வெள்ளைக்காரனுக்கும் தமிழனுக்கும் நடுவில் உள்ள அதிகாரத்தைப் பார்க்க நமக்குக் கற்றுத்தந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உள்ளதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இதற்குள் சிலருக்குக் கோபம் வந்திருக்கும். 'இங்கிலீஷ் மோகம் பிடித்து அலைகிறான், தமிழை இழிவு செய்கிறான்' என்பார்கள். ஐயா, மேடையில் தமிழ் வாழ்க என்று சொல்லிவிட்டு விழுப்புரத்தில் கான்வென்ட் வேன் வாசலில் பிள்ளையை ஏற்றி அனுப்புகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் கேட்டபோது, தீண்டத்தகாதவன் என்று மறுத்தார்கள், பாரசீகம் படித்தார். எந்த மொழியை யார் படிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நாடு இது. அந்தச் சாதியோடு சண்டை போட அவர் கையில் எடுத்த மொழி இங்கிலீஷ். இன்னொரு பக்கம், 2010இல் உத்தரப்பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இங்கிலீஷுக்குத் தேவி என்று சிலை செய்து கோயில் கட்டக் கிளம்பினார்கள் தலித் தோழர்கள். அந்த ஆசையின் வலி எனக்குத் தெரியும். ஆனால் நமக்கு இன்னொரு சாமி வேண்டாம். சாமி வந்தால் பூசாரி வருவான். நமக்கு வேண்டியது வகுப்பில் நம் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிற ஒரு வாத்தியார். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவுகளைப் பெரிய அளவில் திறந்தார்கள். போர்டு மாறியது. கடைசி பெஞ்ச் அப்படியே இருக்கிறது.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று ஆராய்ச்சி மாணவர்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

வகுப்பில் யார் பேசுகிறார் என்பதை மூன்று நொடிக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளும் முறையை நெட் ஃப்ளாண்டர்ஸ் 1970இலேயே புத்தகமாகத் தந்துவிட்டார். ஆசிரியர் பேசினாரா, மாணவர் பேசினாரா என்று அதில் கட்டங்கள் உண்டு. நீங்கள் இன்னொரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்த மாணவர்? எந்தத் தெரு? ஆசிரியர் கேட்ட கேள்விகளில் எத்தனை காலனிப் பிள்ளைக்கு வந்தது? பதிலுக்கு எத்தனை நொடி காத்திருந்தார்? யார் சொன்ன பிழைக்கு விளக்கம், யார் சொன்ன பிழைக்கு அடி? யார் பேசும்போது வகுப்பு சிரித்தது? இது சோஷியாலஜி இல்லை. மொழி கற்றல் நடப்பதும் நின்றுபோவதும் இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, பிள்ளையின் வீட்டில் என்ன இல்லை என்று கணக்கெடுப்பதை நிறுத்துங்கள். என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பிரபுவின் கால அட்டவணையை நான் என் வகுப்பில் பயன்படுத்துகிறேன். விழுப்புரம் ஜங்ஷன் அட்டவணைதான் என் பாடம். சென்னைக்கு, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு, மயிலாடுதுறைக்கு, பாண்டிச்சேரிக்கு, காட்பாடிக்கு என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் போகிற ஊர் அது. 'செங்கல் சூளை வேலைக்கு ஒரு குடும்பம் மூட்டையோடு கிளம்புகிறது. எந்த ரயில், எங்கே மாற வேண்டும், எவ்வளவு நேரம் பிளாட்பாரத்தில் காத்திருக்க வேண்டும்?' இங்கிலீஷில் விடை சொல்ல வேண்டும். போன முறை முதலில் கை தூக்கியவன் கடைசி பெஞ்சில் இருந்தவன். ஒவ்வொரு வருஷமும் அப்பா அம்மாவோடு போய் வருகிறவன் அவன். 'சார், அந்த டிரெயின் நாட் ஸ்டாப். ஆல்வேஸ் லேட்' என்றான். இலக்கணம் தப்பு. விஷயத்தில் தப்பில்லை. வகுப்பு சிரித்தது, இந்த முறை ரயிலைப் பார்த்து. இலக்கணத்தை அடுத்த நாள் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவது, எழுதியதை எழுதப்பட்டவர்களிடம் கொண்டுபோங்கள். தமிழில், அவர்கள் தெருவில், உரக்கப் படித்துக்காட்டுங்கள். 'ஆதரவற்ற வீட்டுச்சூழல்' என்று எழுதினால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வரியைப் படியுங்கள். படிக்க நாக்கு எழவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். எந்த நெறியாளரும் இதைவிடக் கறாரான பரீட்சை வைத்துவிட முடியாது. நான் அந்தப் பரீட்சையில் தோற்றவன்.

அம்மா இப்போது இல்லை. ஆய்வேடு இருக்கிறது. போன மாதம் எடுத்து, 'ஆதரவற்ற வீட்டுச்சூழல்' இருந்த பக்கத்தில் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்: 'அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் இல்லாத ராத்திரிகளில், நான் படிப்பதற்காகப் பக்கத்துத் தெருவுக்குப் போய் எண்ணெய் கடன் வாங்கி வந்தவள் என் அம்மா. இந்த வீட்டில் ஆதரவு இருந்தது. பள்ளிக்கூடத்தில்தான் இல்லை.' இதைத் தமிழில்தான் எழுதினேன். அவள் கேட்டிருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.